ஒருநாள் வாடகைக்குக் கேட்காத சாதி

கொடைக்கானலில் வீடு வாடகைக்குக் கிடைப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சீசன் நேரத்தில் பெங்களூரிலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஒரு குடும்பம் வருகிறது. செல்போனில் காட்டேஜைப் பார்த்து, செல்போனிலேயே பணம் கட்டி, ஆதார் அட்டையைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொள்கிறது. அந்த வீட்டின் கட்டிலில் படுக்கிறது, அடுப்பில் சமைக்கிறது, பாத்திரத்தில் சாப்பிடுகிறது. அந்தக் குடும்பம் என்ன சாதி என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதே தெருவில், அதே மாதிரி ஒரு வீட்டை மாத வாடகைக்குக் கேட்டு நிலக்கோட்டையிலிருந்து மாறுதலாகி வந்த செவிலியர் ஒருவர் போய் நின்றால், கேள்விகள் வரிசையாக வருகின்றன. “சொந்த ஊரு எது?” “அங்க எந்தத் தெரு?” “அப்பா என்ன வேலை?” “கறி, மீன் புழங்குவீங்களா?” இவை எதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால், “தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எந்த ஆளுக?” என்று நேராகவே வந்துவிடும். பதில் பிடிக்கவில்லை என்றால் யாரும் முகத்தில் அடித்தாற்போல மறுக்க மாட்டார்கள். “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்பார்கள். மறுநாள் கேட்டால் மகள் குடும்பம் ஊரிலிருந்து வருகிறது என்பார்கள். ஒரு மாதம் கழித்தும் அந்த வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ என்ற அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்.

வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு, “பால் காய்ச்ச நல்ல நாள் பாருங்க” என்று சாவியைக் கொடுக்கும் வீட்டுக்காரர்களும் இந்த மலையில் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு வீடு கிடைப்பதை அதிர்ஷ்டம் என்று ஒரு தலித் குடும்பம் நினைக்கும் நிலை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

புது ஊருக்குக் குடிபோவது யாருக்குமே லேசான காரியமில்லை. மலையில் அது இன்னும் கடினம். மதியம் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. சுவரில் ஈரம் ஏறும். இரவில் காட்டெருமை தெருவுக்குள் வந்து நிற்கும். தண்ணீர் என்றைக்கு வரும், கேஸ் சிலிண்டருக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இங்கே அக்கம்பக்கம் என்பது பேச்சுத்துணை மட்டுமல்ல, அன்றாடத் தேவை.

அந்த அக்கம்பக்கத்தில்தான் ஒரு தலித் குடும்பம் அளந்து அளந்து பேச வேண்டியிருக்கிறது. கூடத்தில் அம்பேத்கர் படத்தை மாட்டலாமா, உள்ளறையில் வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஊரிலிருந்து பெரியம்மா வந்தால் வாசலில் உட்கார்ந்து சத்தமாக ஊர்ப் பெயர் சொல்லிப் பேசாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைப் படிவம் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கிவரும்படி மகனுக்குச் சொல்கிறார்கள். வாடகையை ஒன்றாம் தேதியே கொடுத்து, வாசலை மற்றவர்களைவிட ஒருமுறை கூடுதலாகப் பெருக்கிக் கோலம் போட்டு, ‘நல்ல குடித்தனம்’ என்ற பெயரை மாதாமாதம் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அதே வாடகை கொடுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கு இந்தச் சிரமங்களில் ஒன்றுகூட இல்லை.

‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்தில் காலனி என்றால் வங்கி ஊழியரும் ஆசிரியரும் குடியிருக்கும் இடம். கிராமத்தில் காலனி என்றால் சேரி. முகவரியில் அந்த ஒரு சொல் இருந்தாலே போதும், மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் சொல்லை எடுத்துவிட்டால் வீட்டுக்காரர் வேறொரு கேள்வியைக் கண்டுபிடித்துக்கொள்வார். குலதெய்வம் எது என்பதும், எந்தக் கோயிலில் காதுகுத்து என்பதும் அதே விசாரணைதான்.

இது மலைக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வாடகைக்கு வீடு கேட்பவர்களாகத் தலித், முஸ்லிம், உயர்சாதிப் பெயர்களில் ஆட்களைப் பேச வைத்தார்கள், நேரிலும் அனுப்பினார்கள். 2015-இல் முடிவுகள் வெளியாயின. பெயரைப் பொறுத்து பதில் மாறியது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுப்பும், கூடுதல் வாடகையும், கூடுதல் நிபந்தனைகளும் கிடைத்தன. இந்தியாவின் ஏழு பெருநகரங்களின் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வும் உண்டு. நகரத்தில் மக்கள் பிரிந்து குடியிருப்பதில் வருமானத்தைவிடச் சாதியே பெரிய கோடு என்று அது காட்டியது. பணம் வந்தால் சாதி போய்விடும் என்று நம்மிடம் சொல்பவர்கள் இந்த இரண்டையும் படித்துப் பார்க்கலாம்.

இந்தத் துன்பத்தை அண்ணல் அம்பேத்கரைவிட விவரமாக யாரும் எழுதிவைக்கவில்லை. 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசில் வேலைக்கு வந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. தெரிந்தவர்கள் இருவரிடம் இடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர், நீங்கள் வந்தால் என் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர், மனைவி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் அவர் பம்பாய் திரும்பினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற அந்தப் பதில் மாறவே இல்லை. பிறகு அவர் 1930-களில் பம்பாய் தாதரில் தனக்கும் தன் புத்தகங்களுக்குமாக ‘ராஜகிருஹம்’ என்ற வீட்டைக் கட்டினார். அது இருக்கும் பகுதியின் பெயர் இந்து காலனி.

கொடைக்கானல் என்ற ஊரே வெளியூர்க்காரர்கள் புதுவீடு புகுந்த கதைதான். 1845-இல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது வண்டிச்சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். துரைமார்களையும் அவர்கள் குடும்பத்தையும் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். வீட்டுச் சாமான்கள் தலைச்சுமையாக மேலே போயின. அந்தப் பாதையையே வெள்ளையர்கள் ‘கூலி காட்’ என்றுதான் அழைத்தார்கள். சுமந்தவர்கள் பெயர் எந்தப் பங்களாவின் வாசலிலும் இல்லை.

பின்னால் இன்னொரு கூட்டம் மலையேறியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல லட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரோடு நீலகிரிக்குப் போனவர்கள் போக, ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கு வந்தார்கள். சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரங்களை வெட்டிப் பட்டை உரிக்கும் வேலை. காட்டுக்குள் குடிசை. முன்பணக் கடனில் சிக்கிக் கொத்தடிமைகளாகவே பலர் கிடந்தார்கள். தாயகம் என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்களுக்கு ஊருக்குள் ஒரு வீடு கிடைக்கவில்லை.

இன்றும் பெருமாள்மலையிலிருந்து அட்டுவம்பட்டி வரை எழும்பும் வீடுகளுக்குக் கல்லும் மணலும் சுமப்பவர்கள், செப்டிக் டேங்கை இறங்கிப் பார்ப்பவர்கள், சென்னைக்காரர் வாங்கிப் பூட்டிவைத்த பங்களாவுக்கு வாட்ச்மேனாக இருப்பவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். புதுக் குடித்தனத்தின் பீரோவையும் பிரிட்ஜையும் தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் அடுக்களை வரை போகலாம். அப்போது வீடு தீட்டாகாது. அவர்கள் வீட்டுப் பெண் படித்து, வேலை வாங்கி, அதே வீட்டை வாடகைக்குக் கேட்டால்தான் வீட்டுக்காரருக்குச் சாதி ஞாபகம் வருகிறது. காட்டேஜில் ஒரு நாள் தங்கும் பெங்களூர்க்காரர் நாளை போய்விடுவார். இவர் நாளையும் இருப்பார், பேர் சொல்லிக் கூப்பிடுவார், சமமாக நாற்காலியில் உட்காருவார். பயம் அதில்தான் இருக்கிறது. சமையல் வாசனையில் இல்லை.

“என் வீடு, என் இஷ்டம்” என்பார்கள். டீக்கடையும் ஒருவருடைய சொந்தக் கடைதான். அங்கே இரட்டைக் குவளை வைப்பது அவர் இஷ்டம் என்று சட்டம் விட்டுவிடவில்லை. வீட்டு விஷயத்திலும் விடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் 4-ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதற்கோ, வாங்குவதற்கோ, அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாத, ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். புகார் வந்தால் வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. குடியேறிய பிறகு தொல்லை கொடுத்து வீட்டைவிட்டுத் துரத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

சட்டம் இருந்தும் ஏன் பயனில்லை? மறுப்புக்குச் சாட்சி இல்லை. வீடு கிடைக்காதவருக்கு அன்று சாயங்காலமே வேறு வீடு தேட வேண்டியிருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போக நேரமில்லை. புதிதாக வந்த ஊரில் வழக்குப் போட்டவர் என்ற பெயரோடு இன்னொரு வீடு கேட்க முடியாது. தமிழ்நாட்டில் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் இருவரின் உரிமைகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய், முன்பணம் இவ்வளவு, காலி செய்ய நோட்டீஸ் கொடு என்றெல்லாம் சொல்கிறது. சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி சொல்லவில்லை.

அமெரிக்காவில் நிறத்தைக் காட்டி வீடு மறுப்பது 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், சட்டப்படி தடை செய்யப்பட்டது. அங்கேயும் வாய்விட்டுச் சொல்லாத மறுப்புக்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம்தான். அதற்காக ஒரே சம்பளம், ஒரே குடும்ப அளவு உள்ள ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் அடுத்தடுத்து ஒரே வீட்டைக் கேட்க அனுப்பிச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே சாட்சி.

நம்மால் முடியாத காரியமா இது? 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரத்தைத் திறந்த மாநிலம் நம்முடையது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, மற்ற வீடுகள் மற்றச் சாதியினருக்கு என்று கலந்து குடிவைத்தார்கள். அரசு கட்டிய வீட்டில் முடிந்ததை, அரசிடம் வரி கட்டி வாடகைக்கு விடும் வீட்டில் கேட்கக் கூடாதா?

கேட்க வேண்டியவை மூன்று. வாடகைச் சட்டத்தில் சாதி, மதம் பார்த்து மறுப்பதற்குத் தடை விதிக்கும் பிரிவு வேண்டும். வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அதிகாரியிடமே அந்தப் புகாரைக் கொடுக்க வழி வேண்டும், அவர் ஆள் அனுப்பிச் சோதிக்கவும் வேண்டும். ஹோம்ஸ்டே, காட்டேஜ் என்று உரிமம் வாங்கி நடத்துபவர் மாத வாடகைக்குச் சாதி பார்த்தார் என்று தெரியவந்தால் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு நாளுக்கு எல்லோருக்கும் திறக்கும் கதவு ஒரு வருடத்துக்கும் எல்லோருக்கும் திறக்கட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. இதைப் படிப்பவர்களில் வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை வீடு பார்க்க யாராவது வந்தால், என்ன வேலை, எத்தனை பேர், வாடகை என்றைக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். அதற்கு மேல் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நிற்கும். அதைக் கேட்காமல் சாவியைக் கொடுங்கள்.