தையலும் கல்வியே

"மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, தையற் கடைக்காவது அனுப்புவோம்" என்று பெற்றோர் பெருமூச்செறிவதை நாம் கேட்டிருக்கிறோம். ‘ஆவது’ என்ற அந்த ஒட்டுச் சொல்லில்தான் எத்துணை இளக்காரம்!

இலண்டன் மாநகரில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் ஆறு மக்களுள் கடைசியாகப் பிறந்தவர் அலெக்சாண்டர் மக்குவீன். 16-ஆம் வயதில் பள்ளியை விட்டு, சவில் ரோ தெருவின் புகழ்பெற்ற தையலகத்தில் கோட்டுத் தைக்கப் பழகினார். பின்னர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரிக்கு ஆசிரியர் வேலை நாடிச் சென்றார். வேலை கிட்டவில்லை. ஆயினும் முதுநிலை வகுப்பின் தலைவியான பாபி ஹில்சன், அவரது திறமையைக் கண்டு, இளநிலைப் பட்டம் பெறாத அவரை மாணவராகவே ஏற்றுக்கொண்டார். கல்விக் கட்டணத்தை உறவினரான பெண்மணி ஒருவர் கடனாகத் தந்துதவினார்.

அவ்வகுப்பின் இறுதித் தேர்வு ஏட்டில் எழுதுவதன்று. மாணவர் தாமே வடிவமைத்த ஆடைத் தொகுப்பை மேடையில் காட்டுவது. 1992-இல் மக்குவீன் காட்டிய தொகுப்பைக் கண்டு வியந்த இசபெல்லா புளோ என்னும் இதழாசிரியை, அதனை முழுவதுமாக 5,000 பவுனுக்கு வாங்கினார். வாரம் 100 பவுனாகத் தவணையிற் செலுத்தினார்! 1996-இல் பாரிஸின் ஜிவன்ஷி நிறுவனம் அவரைத் தலைமை வடிவமைப்பாளராக அழைத்தது.

2010-இல், 40-ஆம் வயதில், அவரது வாழ்வு துயரமாய் முடிந்தது. புகழ் மட்டுமே மனத்துயரை ஆற்றாது என்பதும் நாம் மறக்கலாகாத பாடமே.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கை கற்றதையும் கல்வியென்றே மதியுங்கள். அந்த ‘ஆவது’ இன்றோடு ஒழியட்டும்.