அடைகாப்பது அம்மாதானா?



என் சிவப்பு மையால் நேர்ந்த ஒரு பிழையை இன்று எழுதுகிறேன். ஃபேரர் பார்க்கில் நான் கற்பிக்கும் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன், "அப்பா பென்குயின் முட்டையை அடைகாக்கிறது" என்று எழுதியிருந்தான். நான் 'அப்பா'வை அடித்துவிட்டு 'அம்மா' என்று திருத்தினேன். "படத்தில் பார்த்தேன், ஆசிரியரே! அப்பாதான் காலில் வைத்துக்கொண்டு நின்றது" என்றான் அவன்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். பேரரசப் பென்குயினில், முட்டையிட்ட பெண் அதை ஆணிடம் ஒப்படைத்துவிட்டு இரைதேடிக் கடலுக்குச் செல்கிறது. அண்டார்டிக் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம், உணவின்றி, பாதங்களின்மேல் முட்டையைத் தாங்கி நிற்பது ஆண்தான். பையன் எழுதியதே சரி.

ஆனால், 'அடைகாப்பது அப்பா' என்பதையும் நாம் பொதுவிதியாக்கிவிடக் கூடாது. 2023இல் மண்டாயில் திறக்கப்பட்ட 'பேர்ட் பேரடைஸ்' பூங்காவில் நம் பிள்ளைகள் காணும் அரசப் பென்குயினும் ஜென்டூ பென்குயினும் ஆணும் பெண்ணுமாக முறைவைத்து அடைகாப்பவை. இரண்டுக்கும் நிறம் ஒன்றே. உருவத்திலும் சிறு வேறுபாடுதான். இரத்தத்தையோ இறகையோ மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினால் உறுதியாகச் சொல்ல இயலும். முட்டைமேல் அமர்ந்திருப்பதை மட்டும் கண்டு, இது ஆண், இது பெண் என்று சொல்வதற்கில்லை.

கூட்டைக் கண்டே பால் அறியக்கூடிய பறவைகளும் உண்டு. 1994இல் புலாவ் உபினில் மீண்டும் காணப்பட்டு, இன்று நம் நகரெங்கும் பறக்கும் இருவாய்ச்சியில், மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாப்பது பெண். சிறு இடுக்கின் வழியே இரை ஊட்டுவது ஆண். தூக்கணாங்குருவியிலோ கூட்டைப் பின்னுவது ஆண். நம் கதைகளில் மட்டும் எல்லாக் கூட்டையும் தாய்க்குருவியே கட்டிவிடுகிறது!

நம் இலக்கணம் இவ்வளவு அவசரப்படுவதில்லை. ஆண்பால், பெண்பால் என்னும் பகுப்பை அது உயர்திணைக்கு வைத்தது. அஃறிணைக்கு ஒன்றன்பாலும் பலவின்பாலுமே போதும் என்றது. "பென்குயின் அடைகாக்கிறது" என்பது குறையற்ற தமிழ் வாக்கியம். பாலை அறிந்தபின் ஆணைச் 'சேவல்' என்றும் பெண்ணைப் 'பேடை' என்றும் சொல்ல நம்மிடம் பழஞ்சொற்களும் உள்ளன. 'தாய்' என்று சேர்த்தது மொழியன்று, நம் பழக்கம்.

அம்மாணவனைத் தினமும் வகுப்புக்கு அழைத்து வருபவர் அவன் தந்தை. தலைவாரி, உணவு கட்டி அனுப்புபவரும் அவரே. என் சிவப்பு மை அடித்தது ஒரு பறவையின் பெயரை மட்டும்தானா என்ற கேள்வி என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் வகுப்பின் முன் என் திருத்தத்தை நானே அடித்தேன். "நீ எழுதியதே சரி" என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரிய நண்பர்களே, இரவில் கதை சொல்லும் பெற்றோரே, "இது அம்மாவா, அப்பாவா?" என்று பிள்ளை கேட்டால் உடனே விடை கூறிவிடாதீர்கள். "உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளை இன்னொரு முறை உற்றுப் பார்க்கட்டும். நாமும் உடன் பார்ப்போம்.