எழுந்து வீடு போகும் உரிமை

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-இல் தோன்றியது. வேலை வந்தது, மறுக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நம் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களில் சிலர் இன்று இணையத் தளங்களை வடிவமைக்கும் தொழிலாளர்கள்.

தொழிலாளர் என்றால் சிலருக்குக் கோபம் வரும். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதல்லவா! ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர் அலுவலகம் திறக்கும்போது இங்கே விளக்கு வைத்தாகிவிடும். அவர் கேட்கும் திருத்தங்களை முடிக்க நள்ளிரவானால் மிகைநேர ஊதியம் உண்டா? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு மிரட்டல்: மூவர் வேலையை ஒருவரே செய்யலாமே என்கிறார்கள். சுமையைக் குறைக்க வேண்டிய கருவி ஆளைக் குறைக்கப் பயன்படுகிறது.

இரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் 1973-இல் வேலைநிறுத்தம் செய்துதான் பத்து மணி நேரப் பணி என்ற வாக்குறுதியைப் பெற்றார்கள். இதே கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018-இல் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். கணிப்பொறி முன் உட்கார்ந்தே கிடப்பவர்களுக்கோ எழுந்து வீடு போகும் உரிமை வேண்டியிருக்கிறது! பிரான்சில் 2017 முதல், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்துத் தொழிலாளரோடு பேசியாக வேண்டும்.

கணிப்பொறித் துறையில் சங்கம் கூடாது என்பது முதலாளிகள் பரப்பிய கதை. சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. 'வெளியூர்க்காரர் நாம், வாய் திறக்கலாமா?' என்ற தயக்கமே பெரிய பூட்டு.

தோழர்களே, கழக்கூட்டத்து வாடகை அறைகளுக்கு இம்மாதமே செல்லுங்கள். வேலை நேரத்தையும் சம்பளச் சீட்டையும் பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள்.