நம் நட்சத்திரத்தை நாம் கண்டதுண்டா?

அர்ச்சனைத் தட்டை நீட்டியவுடன் அர்ச்சகர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். நாமும் தயக்கமின்றி ரோகிணி என்கிறோம், மகம் என்கிறோம், திருவாதிரை என்கிறோம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அனைவருடைய நட்சத்திரமும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அன்பர்களே, அந்த நட்சத்திரத்தை ஒருமுறையேனும் வானத்தில் கண்டதுண்டா? அடியேன் எழுபது வயது வரை கண்டதில்லை. கண்ட இரவைப் பற்றி இவ்வாரம் சொல்ல விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வைகாசி விசாகத்தை ஒட்டித் திருச்செந்தூரில் செந்திலாண்டவனைத் தரிசித்துவிட்டு, இராமேசுவரம் செல்லக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புறப்பட்டோம். அடியேன், என் மனைவி, பத்து வயதுப் பேரன் ஆகிய மூவரே. என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்குச் சொந்த ஊர் கீழவைப்பார். ஓரிரவேனும் தங்கிச் செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் அழைப்பு. சாத்தூர் வழியாக ஓடிவரும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. ஒரு காலத்தில் முத்துக்குளித்துறையின் புகழ்பெற்ற பட்டினங்களுள் ஒன்றாக வைப்பாறும் இருந்தது. 1961ஆம் ஆண்டுக்குப் பின் அக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்று மீன்பிடித் தொழிலே அவ்வூரின் வாழ்வு.

பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள் ஆதலால் நிலவு எழ இரவு பத்தரை மணிக்கு மேலாகும். நாங்கள் கடற்கரை மணலில் அமர்ந்தபோது வானம் நன்கு இருண்டிருந்தது. நகரத்தில் நூறு விண்மீன்களை எண்ணுவதே அரிது. அங்கோ எண்ணத் தொடங்கவே மனம் வரவில்லை.

பேரன் கேட்டான்: "பாட்டி, உங்க நட்சத்திரம் எது?"

என் மனைவியின் நட்சத்திரம் சுவாதி. நரசிம்மப் பெருமான் அவதரித்த நட்சத்திரம். பெரியாழ்வாரின் திருநட்சத்திரமும் அதுவே. அவள் பெயரையும் சுவாதியையும் சேர்த்து எத்தனையோ சந்நிதிகளில் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணிவில், மேற்கே எல்லாவற்றினும் ஒளி மிகுந்து நின்ற ஒன்றைச் சுட்டி, "அதுதான் சுவாதி" என்றேன்.

நண்பரின் தமையனார் அருகில் அமர்ந்திருந்தார். ஐம்பது ஆண்டுகள் கடலுக்குச் சென்றவர். அவர் பணிவாகச் சிரித்தார். "அய்யா, அது வெள்ளில்லா! சாயங்கால வெள்ளி. இன்னும் செத்த நேரத்துல மேக்க அடைஞ்சிரும். அது மின்னுதா பாருங்க. மின்னாது."

எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. நவக்கிரகச் சந்நிதியில் சுக்கிரனை எத்தனை முறை வலம் வந்திருப்பேன்! வானத்தில் அவரை அறியவில்லை.

அந்த அண்ணாச்சி சொன்னதே கோள்களை அறியும் முதல் அடையாளம். விண்மீன்கள் நெடுந்தொலைவில் உள்ளமையால் நமக்கு வெறும் ஒளிப்புள்ளிகளே. நம் காற்று மண்டலத்தின் அசைவு அந்த நுண்ணிய ஒளியைக் கலைப்பதால் அவை மின்னுகின்றன. கோள்கள் அண்மையில் இருப்பதால் அவற்றின் ஒளி எளிதில் கலைவதில்லை, நிலையாக நிற்கிறது. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே அதனை மாலையில் மேற்கிலோ, விடியலில் கிழக்கிலோ மட்டுமே காணலாம். நள்ளிரவில் காண இயலாது. வியாழனும் சனியும் இரவு முழுவதும் காணக்கூடியவை. வியாழன் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஓர் இராசியும், சனி இரண்டரை ஆண்டுக்கு ஓர் இராசியும் நகர்வதைக் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று நாம் கொண்டாடுகிறோமல்லவா? அந்தப் பெயர்ச்சியைக் கண்ணாலேயே காணலாம். இராகுவும் கேதுவும் மட்டும் கண்ணுக்குப் புலப்படா. சந்திரன் செல்லும் பாதையும் சூரியன் செல்லும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு இடங்களே அவை. நம் முன்னோர் நிழற்கிரகங்கள் என்று சொன்னது மிகப் பொருத்தம்.

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில் வடமேற்கில் ஓர் ஒளி தோன்றியது. சுடர்விட்டு, ஓசையின்றி, சீரான நடையில் தலைக்கு மேலாக வந்தது. என் மனைவி சட்டென்று கைகூப்பினாள். "நட்சத்திரம் நகரலாமா? ஏதேனும் சகுனமோ?" என்று அவள் குரல் தழுதழுத்தது. அந்த ஒளி தென்கிழக்கு நோக்கிச் சென்று, தொடுவானத்தை எட்டுமுன்பே நடுவானில் மங்கி மறைந்தது. அவள் அச்சம் இருமடங்காயிற்று.

நண்பர் அவளைத் தேற்றினார். "பயப்படாதீங்க அம்மா. அது பன்னாட்டு விண்வெளி நிலையம். உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள்." ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியை வலம் வருகிறது. அதற்கெனத் தனி ஒளி இல்லை. நமக்குச் சூரியன் மறைந்த பின்னும் அவ்வளவு உயரத்தில் வெயில் படுகிறது. அந்த வெயிலே நம் கண்ணில் படுகிறது. கிழக்கே செல்லச் செல்ல அது பூமியின் நிழலுக்குள் நுழைந்து மறைகிறது. சந்திர கிரகணத்தன்று நிலவின்மேல் விழுவதும் இதே நிழல்தான். இதனால்தான் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் முன்னிரவிலும் விடியற்காலையிலுமே தென்படுகின்றன.

அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டியது எளிது. மின்னினால் விண்மீன். மின்னாது நிலையாக நின்றால் கோள். சிமிட்டாமல் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள். சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு ஒளிர்ந்தால் விமானம். கண்ணிமைக்கும் நேரத்தில் கீறிமறைந்தால் எரிமீன். சில இரவுகளில் மணிமாலை கோத்தாற்போல் வரிசையாக ஒளிப்புள்ளிகள் செல்வதையும் பலர் கண்டு திகைத்திருப்பர். 2019ஆம் ஆண்டு முதல் கொத்துக்கொத்தாக ஏவப்படும் இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள் அவை. இவற்றுள் எதுவும் தோஷமன்று, பரிகாரமும் வேண்டியதில்லை.

பிறகு அண்ணாச்சி தெற்கே கடலின்மேல் கைநீட்டினார். நான்கு விண்மீன்கள் சாய்ந்த பட்டம்போல் நின்றன. "அது சிலுவை" என்றார் அவர். நம் முன்னோர் அதனைத் திரிசங்கு என்பர். விசுவாமித்திரர் தம் தவவலிமையால் வானத்துக்கும் மண்ணுக்கும் இடையே நிறுத்திய அரசன் அவன். அவரவர் மரபுக்கேற்பப் பெயர் வேறு, மீன் ஒன்றே. மனிதர் கட்டி அந்தரத்தில் நிறுத்திய வீடு ஒன்றைச் சற்று முன்னர்தான் கண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வர, எனக்குப் புன்னகை அரும்பியது.

"சுவாதியைக் காட்டுங்களேன்" என்றாள் என் மனைவி.

நண்பர் எங்களை வடக்கே திரும்பச் சொன்னார். சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நின்றது. நான்கு மீன்கள் ஒரு கட்டம். மூன்று மீன்கள் வளைந்த வால். வாலின் நடுமீன் வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக நிற்பவள் அருந்ததி. அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தால் தலைக்கு மேலே பொன்னிறமாக ஒளிரும் பெருமீன் ஒன்று தட்டுப்படுகிறது. அதுவே சுவாதி. வளைவை இன்னும் நீட்டினால் வெண்ணிறச் சித்திரை.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மழைத்துளி விழுந்து சிப்பியில் முத்தாகும் என்பார்களே, அந்தச் சுவாதியா?" என்றாள். முத்து விளைந்த கடலின் கரையில் அமர்ந்து அவள் அதைக் கேட்டது இன்றும் என் செவியில் உள்ளது. சிப்பிக்குள் புகுந்த அந்நியப் பொருளின்மேல் அது சுரக்கும் பூச்சே முத்து என்று அறிவியல் கூறும். முத்தைக் கண்டவன் விண்ணை நோக்கி நன்றி சொல்லத் தோன்றிய மனமோ பக்தி.

எனக்கு அருந்ததி தென்படவில்லை. ஆண்டுதோறும் மங்கிவரும் என் கண்ணுக்கு வசிட்டர் மட்டுமே தெரிந்தார். முந்தைய தையில் கண்புரை அறுவை செய்துகொண்ட என் மனைவிக்கு இருவரும் தெரிந்தனர். "இதோ இருக்கிறாளே!" என்றாள். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், மணநாளில், நண்பகல் வெயிலில் எங்களுக்கு அருந்ததியைக் காட்டினர். இருவரும் ஒன்றும் காணாமலே, கண்டோம் என்று தலையசைத்தோம். அந்த மீன்களின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் பிறக்குமுன்பே புறப்பட்ட ஒளி, நாங்கள் மணமேடையில் தலையசைத்தபோதும் வழியில் வந்துகொண்டிருந்த ஒளி, அன்று கீழவைப்பார் மணலில் அவள் கண்ணை வந்தடைந்தது. அவள் கண்டாள், அவள் சொல்ல அடியேன் வணங்கினேன். இன்னும் பத்தாண்டுகள் முன்னரே ஏறிட்டுப் பார்த்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆதலால்தான் இதை எழுதுகிறேன்.

வானத்தை அறிய உங்கள் வீட்டிலேயே வழிகாட்டி நூல் இருக்கிறது. அதுவே பஞ்சாங்கம். இன்று ரோகிணி என்று அது சொன்னால், இன்றிரவு சந்திரன் ரோகிணி மீன் இருக்கும் பகுதியில் உள்ளது என்பதே பொருள். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றை நிலவின் அருகிலேயே தேடிக் காணலாம். கார்த்திகை ஒரு சிறு கொத்து. நம் கடலோர மக்கள் ஆறாமீன் என்பர். ரோகிணியும் கேட்டையும் செந்நிறம். சுவாதியோ நிலவின் பாதைக்கு வெகு வடக்கே நிற்பதால் சப்தரிஷிகளின் வால்வழியே செல்ல வேண்டும். மார்கழி இரவுகளில் கிழக்கே செந்நிறமாக எழும் திருவாதிரையைக் கண்டபின் ஆருத்ரா தரிசனம் செய்து பாருங்கள். சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் யாவுமே முழுநிலவு அந்தந்த நட்சத்திரத்தை அடுத்து வரும் நாள்களே. திருவிழாக்களை முதலில் எழுதிவைத்த ஏடு வானம்தான்.

மொட்டை மாடிப் படிகளில் துணையோடு ஏறுங்கள். சாய்வு நாற்காலியில் அமருங்கள். கைப்பேசி வெளிச்சத்தைத் தவிர்த்து அரைமணி நேரம் பொறுத்திருங்கள். கண் இருளுக்குப் பழகும். துருவனைத் தேடுவோர் வடக்கே மிகத் தாழ்வாகப் பாருங்கள். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்திலேயே துருவன் நிற்பார். கீழவைப்பாரில் ஏறத்தாழ ஒன்பது பாகை. கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த அளவு.

நாங்கள் அவ்வூரில் தங்கிய பின், முத்தாரம்மன் அருளாட்சி புரியும் குலசேகரன்பட்டினத்தில் 28.2.2024 அன்று விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இனி இக்கரையிலிருந்தே புதிய கோள்கள் விண்ணேகும். பேரப்பிள்ளைகள் அவற்றை நமக்குக் காட்டுவார்கள். அருந்ததியையும் சுவாதியையும் அவர்களுக்குக் காட்ட நாமன்றி வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த முறை அர்ச்சகர் நட்சத்திரம் கேட்கும்போது, கண்டு வணங்கிய ஒன்றின் பெயரைச் சொல்லும் பேறு உங்களுக்கு வாய்க்கட்டும். செந்திலாண்டவன் கண்ணொளி காப்பானாக.