நான்கு போத்தல் எண்ணெய்

காலை நிகழ்ச்சிக்காக விடியற்காலை நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் நான். அந்த நேரத்தில் தெலுக் பங்லிமா காராங் தூங்கிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் மட்டும்தான் விழித்திருக்கும். எங்கள் தாமானிலிருந்து எஸ்கேவிஇ நெடுஞ்சாலையில் ஏறும் வரை காடியின் சத்தம்தான் எனக்குத் துணை. மைக்கின் முன்னால் பிழைப்பு நடத்துகிறவனுக்குக் காது கொஞ்சம் கூர்மை. மூன்று மாதங்களுக்கு முன் ஒருநாள் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது 'கர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

காடி ஒரு பழைய டொயோட்டா 86. 2012-ல் அறிமுகமான மாடல். ஆறு கியர் மேனுவல், பின்சக்கரங்கள் ஓட்டும் ரகம். கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டு, மகளுக்கு நாலு வயதான பிறகு செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "இதுக்கு ரிப்பேர்னு வீட்டுக் கணக்குல இருந்து ஒரு வெள்ளி எடுக்கக் கூடாது." நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியிருந்தேன். இப்போது ஒரு பட்டறையில் காட்டினால், கியர்பாக்ஸைக் கழற்றித் திறந்து பார்க்கவேண்டும், 4,500 வெள்ளி வரை வரலாம் என்கிறார்கள். அந்த மாதம்தான் மகளின் பாலர் பள்ளிக்கு முன்பணமும் கட்டவேண்டியிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். கேரித் தீவு எஸ்டேட்டில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். ஸ்போர்ட்ஸ் காடி என்றால் அவருக்கு இளக்காரம்தான். "நாலு பேரு உக்கார முடியாததெல்லாம் ஒரு காடியா?" என்பார். ஆனாலும் வந்து நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எண்ணெய் எப்ப மாத்துன?"

"சத்தம் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடிப்பா. எல்லாமே மாத்தியாச்சு. இஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல்."

"பில்லு இருக்கா?"

இருந்தது. அதில் இஞ்சின் எண்ணெய்க்கு ஒரு வரி. அதற்குக் கீழே, கியர் எண்ணெய் 75டபிள்யூ-90, ஜிஎல்-5, நான்கு போத்தல் என்று இன்னொரு வரி. வேறு எதுவும் இல்லை. இந்தக் காடியின் கியர்பாக்ஸ் 2.2 லிட்டர் பிடிக்கும். டிஃபரன்ஷியல் 1.15 லிட்டர். இரண்டையும் கூட்டினால் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, நான்கு போத்தலை உடைத்து இரண்டு இடத்திலும் ஒரே எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். பில்லில் அது பச்சையாகவே எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரியாதவன் நான்தான்.

நம் ஊரில் காடி எண்ணெய் என்றாலே 'மிஞ்ஞாக் ஹித்தாம்' ஒன்றுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனால் பின்சக்கரம் ஓட்டும் காடியில் மூன்று இடங்களில் மூன்று விதமான எண்ணெய் வேலை செய்கிறது. மூன்றின் வேலையும் ஒன்றல்ல. இங்கேதான் என் கதை சிக்கியது.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், பெரிய அழுத்தத்தில் வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெயாக இருந்தால் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியே போய்விடும், இரும்பும் இரும்பும் தேயும். அதனால் அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். சூடேறும்போது அவை பல்லின்மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் தேய்ந்து கொடுக்கும். இந்த ரசாயனம் தாராளமாக உள்ள எண்ணெய்தான் ஜிஎல்-5. போத்தலைத் திறந்தாலே கெட்டுப்போன முட்டை மாதிரி ஒரு வாடை வரும். அப்பாவுக்கு அந்த வாடை டிராக்டரின் பின்னச்சிலிருந்தே பழக்கம்.

மேனுவல் கியர்பாக்ஸின் பிரச்சினை வேறு. அங்கே கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர சிங்க்ரோ வளையம் என்று ஒன்று இருக்கிறது. பல காடிகளில் அது பித்தளையால் ஆனது. அது கூம்பைப் பிடித்து உரசித்தான் வேகத்தைச் சமப்படுத்தும். பிடிக்கவேண்டிய இடத்தில் அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயை ஊற்றினால் வளையத்துக்குப் பிடி கிடைக்காது. எனக்குக் கேட்ட 'கர்ர்' அதுதான். போதாததற்கு, சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை மெல்ல அரிக்கவும் செய்யும். அதனால்தான் இப்படிப்பட்ட கியர்பாக்ஸ்களுக்கு அந்த ரசாயனம் குறைவாக உள்ள ஜிஎல்-4 ரகத்தைக் கேட்கிறார்கள். ஐந்து நாலைவிடப் பெரியது என்பது கணக்குப் பாடத்தில் சரி. இந்த எண்கள் கைத்தொலைபேசி மாடல் மாதிரி புதுசு, பழசு என்று போவதல்ல. எந்த வேலைக்கு என்பதைச் சொல்வது.

ஜிஎல்-5 என்றாலே விஷம் என்றும் ஓடவேண்டாம். பித்தளையைத் தொடாத மாதிரி தயாரித்து, இரண்டு தரத்துக்கும் பொருந்தும் என்று போட்டு விற்கும் எண்ணெய்களும் உண்டு. சில நிறுவனங்கள் தங்கள் கியர்பாக்ஸுக்கே ஜிஎல்-5 கேட்பதும் உண்டு. கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. என் கையேடு டிஃபரன்ஷியலுக்குத்தான் ஜிஎல்-5 கேட்கிறது, கியர்பாக்ஸுக்கு இல்லை. குளோவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறையோடு அது பத்திரமாக இருந்தது!

இதைப் படிக்கிற பலரின் வீட்டில் மைவியோ சாகாவோ நிற்கும். நம் இளசுகள் இன்றைக்கும் தேடி வாங்கும் பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐயும் அதே முன்சக்கர ரகம்தான். இவற்றில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். ஆகவே சத்ரியாவுக்கு யாராவது தனியாக 'டிஃபரன்ஷியல் ஆயில்' என்று பில் போட்டால், எங்கே ஊற்றினீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஓட்டோ காடி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிவிடி கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய் வேண்டும், சாதாரண ஓட்டோ கியர் எண்ணெய் ஆகாது. நான் செய்த தவற்றின் இன்னொரு உருவம் அது.

மறுபக்கம், நம் கரம்ஜித் சிங் 2002-ல் உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவில் பட்டம் வென்றாரே, அந்த புரோட்டான் பெர்ட்டை நினைத்துப் பாருங்கள். மிட்சுபிஷி லான்சர் எவோலூஷனை அடிப்படையாகக் கொண்ட நான்கு சக்கர இழுவைக் காடி. அந்த ரகத்தில் இஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு இடத்துக்கும் தனித்தனியாக எண்ணெய் பார்க்கவேண்டும். பின்னால் கிளச் தட்டு வைத்த எல்எஸ்டி இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும்: அதற்குரிய சேர்மானம் இல்லாத எண்ணெய் ஊற்றினால், மெதுவாக வளைந்து திரும்பும்போது தடதடவென்று உதறும். என் காடியில் இருப்பது தட்டு இல்லாத டோர்சன் ரகம். அந்தத் தொல்லை மட்டும் எனக்கு இல்லை.

இஞ்சின் எண்ணெயில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. என் காடிக்குத் தொழிற்சாலை முதலில் சொல்வது 0டபிள்யூ-20. "தண்ணி மாதிரி இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு இது தாங்குமா?" என்றார். அவர் காலத்து டிராக்டருக்கு வெறும் 40 என்று போட்ட கெட்டி எண்ணெய். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முதல் எண், குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வெளியே வெயில் 34 டிகிரி அடித்தாலும், இஞ்சின் தன் சூட்டைத் தானே தெர்மோஸ்டாட் வைத்து ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே சும்மா வேலைக்குப் போய்வர 20 போதும். ஆனால் அப்பா முழுக்கத் தோற்கவில்லை. கடுமையான பாரத்திலும் அதிவேகத்திலும் ஓட்டினால் இன்னும் கெட்டியான எண்ணெய் பொருத்தமாக இருக்கலாம் என்று டொயோட்டா கையேட்டிலேயே இருக்கிறது. செப்பாங்கில் 5.543 கிலோமீட்டர் சுற்றை அரைமணி நேரம் மிதித்தால் எண்ணெயின் சூடு எங்கேயோ போய்விடும். அங்கே போகிறவர்கள் 5டபிள்யூ-30க்கு மாறுவதில் நியாயம் உண்டு. நானும் செப்பாங்குக்கு ஒரு நாள் பதிவு செய்து வைத்திருந்தேன். அந்தக் காசுதான் புது எண்ணெய்க்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறையில் காடியைச் சமமாகத் தூக்கி நிறுத்தினோம். அவர் வடிக்கும் போல்ட்டைத் தொடப்போனதும் அப்பா தடுத்தார். "முதல்ல ஊத்துற போல்ட்டு கழலுதான்னு பாருங்க." முதலில் வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருப்பிடித்து வராமல் போனால், எண்ணெய் இல்லாத காடியோடு நிற்கவேண்டியதுதான். எஸ்டேட்டில் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டாராம்.

வடித்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். "பின்னச்சு வாசம்" என்றார். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி தூள் ஒட்டியிருந்தது. அது எப்போதும் வருவதுதான். இரும்புத் துண்டு எதுவும் இல்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதைவிட எண்ணெயில் தங்கத் தூள் மாதிரி மினுமினுப்பது எவ்வளவு என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். கொஞ்சம் மினுங்கியது. பித்தளை.

வடித்ததைச் சமையல் எண்ணெய் போத்தல்களில் ஊற்றி, பட்டறையின் கழிவு டிரம்மிலேயே சேர்த்தோம். வீட்டில் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து லோங்காங்கில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அட்டவணையிட்ட கழிவு. எங்கள் பக்கத்து லோங்காங் எல்லாம் கடைசியில் லங்காட் ஆற்றுக்குத்தான் போகிறது.

புது எண்ணெயோடு இப்போது இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. பகலில் சத்தம் இல்லை. விடியற்காலையில் மட்டும், முதல் ஐந்து நிமிடம், இரண்டாவது கியர் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அதற்கு எண்ணெயால் ஒன்றும் செய்யமுடியாது, தேய்ந்தது தேய்ந்ததுதான். நெடுஞ்சாலை ஏறும் வரை அவசரப்படாமல் கிளச்சை மிதித்து, ஒரு நொடி காத்து மாற்றுகிறேன். வீட்டுக் கணக்கிலிருந்து இதுவரை ஒரு வெள்ளியும் எடுக்கவில்லை.