எல்லைக்கு அந்தப் பக்கம் யார் பில் கட்டுவது?

இந்த முறை வட்டி, டெபாசிட், வீட்டுக் கடன் எதுவும் இல்லை. ஒரு ஹெலிகாப்டர் கதை.

ஜெர்மனியின் வடக்கு மூலையில் நீபுல் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் வயல், மாடு, காற்றாலைகள். கொஞ்சம் வடக்கே போனால் டென்மார்க் எல்லை. மேற்கே கடல், அதில் சில்ட், ஃபோர், அம்ரும் என்று தீவுகள். சில்ட் தீவுக்குக் கரையிலிருந்து சாலை கிடையாது. கடலுக்குக் குறுக்கே 1927-ல் திறந்த அணைமேல் ரயில் மட்டும்தான் ஓடுகிறது. அங்கே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் ஆம்புலன்ஸை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அதனால் நீபுல்லில் 'கிறிஸ்டோஃப் யூரோப்பா 5' என்ற மீட்பு ஹெலிகாப்டர் நிற்கிறது. டி.ஆர்.எஃப். என்ற வான்மீட்பு அமைப்பு நடத்துகிறது. பைலட், டாக்டர், துணை மருத்துவர் மூவரும் சேர்ந்து கிளம்புவார்கள். பெயரில் 'யூரோப்பா' வந்ததற்குக் காரணம், 2005 முதல் இது எல்லை தாண்டி டென்மார்க்கின் தென்பகுதிக்கும் பறப்பதுதான்.

இதில் கணக்குப் பிள்ளையான எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வரைபடத்தில் நீபுல்லை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். மேற்கே பெரும்பகுதி கடல். வடக்கே வேறு நாடு. எல்லையில் நின்றுவிட்டால் வட்டத்தில் பெரிய பங்கு வீண். ஜனம் குறைந்த பகுதியில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தால் இரண்டுமே நஷ்டக் கணக்கு. பகிர்ந்துகொண்டால் ஒன்றே போதும். டென்மார்க் தனக்கென்று நாடு தழுவிய மருத்துவ ஹெலிகாப்டர் சேவையைத் தொடங்கியது 2014-ல்தான். அதற்கு முன்பே பக்கத்து நாட்டு டாக்டர் அந்த மக்களின் வயலில் இறங்கத் தொடங்கிவிட்டார்!

"ஹெலிகாப்டர் எல்லாம் பணக்கார நாட்டு சமாச்சாரம் சார்" என்பீர்கள். பாதி உண்மை. ஆனால் பணம் மட்டும் இருந்தால் எல்லை தாண்ட முடியாது. யார் கூப்பிடலாம், டாக்டரின் பதிவு அங்கே செல்லுமா, நோயாளியை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, செலவு யார் தலையில்... இத்தனையும் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். வங்கியில் கிளியரிங் நடப்பதும் இப்படித்தானே? வேறு பேங்க் செக் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதில்லை. வாங்கிக்கொள்கிறோம், கணக்கை பேங்குகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன.

நம் நாட்டிலும் கடல் நடுவே மக்கள் இருக்கிறார்கள். லட்சத்தீவில் நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத்தான் கொண்டுவர வேண்டும். சுமார் 400 கிலோமீட்டர் கடல். 2021 மே மாதம், நோயாளியை இப்படி அனுப்ப நான்கு பேர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று அங்கே உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. ஹெலிகாப்டர் இருந்தும், கையெழுத்துக்குக் காத்திருப்பதா என்பதுதான் கேள்வி. அங்கே இரண்டு நாடுகள் பேப்பரை முதலில் முடித்துவிட்டுப் பறக்கின்றன. இங்கே ஒரே நாட்டுக்குள், நோயாளி படுத்த பிறகு பேப்பர் தேடுகிறோம்.

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 108 கூட மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி நிர்வாகம்தான். நெடுஞ்சாலையில் மாநில எல்லைக்குப் பக்கத்தில் நம் கார் கவிழ்ந்தால், எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்த வண்டி வரவேண்டும். அது எந்த மாநில வண்டி என்ற கேள்வியே எழக்கூடாது. நாம் முதலில் கேட்கவேண்டியது ஹெலிகாப்டரை அல்ல. பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் உட்கார்ந்து போடும் ஓர் ஒப்பந்தத்தை. அதற்குப் பெரிய செலவில்லை.

உயிரை முதலில் எடுத்து வை. பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பேங்க்காரன் சொல்கிறேன், நம்புங்கள் :-)