படிப்பகத்தைத் திறந்து வை!

தோழனே!

"நடப்பு நிகழ்வுகள்" என்றொரு பாடம் இருக்கிறது. பள்ளியிலே அதற்கென ஆசிரியர் இல்லை. கல்லூரியிலே அதற்கென வகுப்பும் இல்லை. ஆயினும், கிராம நிர்வாக அலுவலராக வேண்டுமா, இளநிலை உதவியாளராக வேண்டுமா, வங்கியிலே எழுத்தராக அமர வேண்டுமா, அந்தப் பாடத்திலே தேறியே தீரவேண்டும்! நேற்று நாட்டிலே நடந்தது, நாளை வினாத்தாளிலே வந்து நிற்கும்.

உன் தங்கை அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள், இரவு பதினொன்றுக்கும் விளக்கை அணைக்காமல். நீயும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாய், தேநீர்க் கடையிலே, பொதுக்கூட்டத் திடலிலே, கொடிக்கம்பத்தின் அடியிலே. ஒரே வீடு, ஒரே செய்தி. ஆயினும் நீங்கள் இருவரும் அதுபற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அண்ணனுக்கு அரசியல், நமக்கேன் அந்த வம்பு என்று அவள் ஒதுங்குகிறாள். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு அரசியல் எதற்கு என்று நீ ஒதுங்குகிறாய். அவள் படிப்பதே அரசியல்தான் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. பயிற்சி நிலையத்துக்காரர் கட்டணம் வாங்கிக்கொண்டு, உன் வீட்டுச் சரக்கையே உன் தங்கைக்கு விற்கிறார்! அவரைக் குறை கூறுவதற்கில்லை. நாம் பூட்டிவைத்த கடையை அவர் திறந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மிகைப்படுத்துகிறேன் என்கிறாயா? தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 பாடத்திட்டத்தை எடுத்துப் பார். நீதிக்கட்சி, பகுத்தறிவின் வளர்ச்சி, சுயமரியாதை இயக்கம், திராவிட இயக்கம், தந்தை பெரியாரும் பேரறிஞர் அண்ணாவும் ஆற்றிய பணி, அத்தனையும் அதிலே அச்சாகியிருக்கின்றன. அந்த இயக்கத்துக்குக் கொடி பிடித்தவன் நீ. சுவரொட்டி ஒட்டிப் பசை காயாத கையோடு உறங்கியவன் நீ. ஆனால், 1921-இல் வந்த வகுப்புவாரி ஆணை என்ன சொன்னது, 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கிலே வகுப்புவாரி ஒதுக்கீடு எப்படி வீழ்ந்தது, அதே ஆண்டிலே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் எதற்காக வந்தது என்று அவள் கேட்டால், மூன்று வாக்கியத்திலே விளக்கிச் சொல்ல உன்னால் முடியுமா? முடியுமானால் மகிழ்ச்சி. முடியாதென்றால், அவள் பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேறெங்கே போவாள்?

அங்கே எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதையும் பார்ப்போம். நாடகக்காரன் நான், காட்சியாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்னது போலிருக்கும்.

"ரெப்போ விகிதம் எவ்வளவு?"

"6.25 சதவிகிதம்."

"எப்போது?"

"2025 பிப்ரவரியில்."

"அதற்கு முன்பு?"

"6.50."

"நன்று! ரெப்போ என்றால் என்ன?"

"அது... எங்கள் குறிப்பேட்டிலே இல்லை, ஐயா!"

சிரிக்காதே, தோழனே. இந்தப் பிள்ளைக்கு நினைவாற்றல் குறைவில்லை; உழைப்பும் குறைவில்லை. எண்ணைக் கொடுத்தவர்கள் பொருளைக் கொடுக்கவில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கடன் தருகிறதே, அதற்கு வாங்கும் வட்டிதான் ரெப்போ. அதைத் தீர்மானிப்பது 2016-இல் அமைந்த ஆறுபேர் குழு: மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் ஒன்றிய அரசு நியமிப்பவர்கள். விலைவாசி ஏறிற்று என்று 2022 மே மாதத்திலே 4.00 என்றிருந்ததை 4.40 ஆக்கினார்கள். படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியிலே 6.50-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியில் தரப்படும் புதிய வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு வங்கிகள் பிணைத்தாக வேண்டும் என்றிருப்பதாலே, பெரும்பாலும் ரெப்போ ஏறினால் வட்டியும் ஏறும். வீடு கட்டக் கடன் வாங்கிய உன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேள். தவணை கூடியதா, அல்லது தவணைகளின் எண்ணிக்கை நீண்டதா என்று சொல்வார். அவருக்கு ரெப்போ என்ற சொல் தெரிந்திராது; ஆனால் அதன் சுமை தெரியும். பிள்ளைக்குச் சொல் தெரியும், சுமை தெரியாது. இருவரையும் ஒரே பெஞ்சியிலே உட்காரவைத்தால் போதும், பாடம் முடிந்தது!

அந்த 6.25-ஆவது நிலைத்ததா? ஏப்ரலிலே 6.00 ஆயிற்று, ஜூனிலே 5.50 ஆயிற்று. குறிப்பேட்டின் மை காய்வதற்குள் எண் மாறிவிடுகிறது. காரணம் அறிந்தவள், அடுத்த கூட்டம் எப்போது என்று பார்த்து, எண்ணைத் திருத்திக்கொள்வாள். மனப்பாடம் செய்தவள் பழைய எண்ணைக் குறித்துவிட்டு வருவாள். வங்கித் தேர்விலே தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பறிபோகும் என்பதையும் மறவாதே. தெரியாததை விட்டுவிட்டால் இழப்பில்லை. பாதி தெரிந்ததுதான் அங்கே பறிகொடுக்கவைக்கிறது.

நமக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 8. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் மாளிகையிலே தேங்கிய 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று, 142-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலவரம்பும் வகுத்தது. கொண்டாடினோம், கொண்டாட வேண்டிய நாள்தான் அது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மே மாதத்திலே குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவின்கீழ் 14 வினாக்களை உச்ச நீதிமன்றத்தின் முன்வைத்தார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது: ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது; ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது; எனினும் காரணமின்றி நெடுங்காலம் முடங்கிக் கிடந்தால், நீதிமன்றம் ஓரளவுக்குத் தலையிடலாம் என்று.

ஏப்ரல் தீர்ப்பை மேடைதோறும் முழங்கிய நாம், நவம்பர் கருத்துரையை எத்தனை மேடையிலே விளக்கினோம்? உவப்பான செய்தியைப் பெரிதாகவும், உவப்பற்றதைச் சிறிதாகவும் படிப்பது கட்சிக்காரனுக்குப் பழகிப்போன ஒன்று. பரீட்சை எழுதுகிறவளுக்கு அது ஆகாது. வினாத்தாள் நம் விருப்பு வெறுப்பைக் கேட்பதில்லை. 200-ஆம் பிரிவு என்ன, 201-ஆம் பிரிவு என்ன, எது தீர்ப்பு, எது கருத்துரை என்றுதான் கேட்கும். அந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்தவன்தான், நாளைக்கு மாநில உரிமை பற்றி எதிரிக்கு மறுமொழி சொல்லவும் வல்லவன். அவளுக்குத் தேவைப்படுகிற நேர்மை, மேடையேறும் உனக்கும் தேவை!

இன்னொன்று கேள். நடப்புச் செய்தி வினாவாக வருவது மட்டுமல்ல. வினாத்தாள் எந்த மொழியிலே இருக்கும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. 2019 ஜூலை 14 அன்று அஞ்சல் துறை ஒரு தேர்வு நடத்திற்று. ஊர் ஊராகத் தமிழிலே முகவரி படித்துக் கடிதம் கொடுக்க வேண்டிய வேலைக்கு, வினா ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்! தமிழ்நாடு கொதித்தது, மாநிலங்களவை அமளிப்பட்டது, இரண்டே நாளில், ஜூலை 16 அன்று, தேர்வு செல்லாது, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலே மீண்டும் நடைபெறும் என்று அமைச்சர் அறிவித்தார். 2021-இல் பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்த நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. 2023-இல் மத்திய ரிசர்வ் போலீசுப் படைத் தேர்விலே, 100 மதிப்பெண்ணில் 25 இந்தி அறிவுக்கு என்றிருந்ததைத் தமிழ்நாடு எதிர்த்தது. 2024 சனவரி முதல் மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வு 13 மாநில மொழிகளிலும் நடக்கும் என்று உள்துறை அறிவித்தது. இவை தாமாகவா வந்தன? 1965-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்ததிலே, இந்தி ஒன்றே தேர்வு மொழியானால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்ற அச்சம் பெரும்பங்கு வகித்தது. அனைத்திந்திய, உயர்நிலை ஒன்றியப் பணித் தேர்வுகளுக்கு எட்டாவது அட்டவணை மொழிகளும் மாற்று மொழிகளாகும் என்று 1968 சனவரியிலே ஆட்சிமொழித் தீர்மானம் வெளிவந்தது. வெளிவந்து 51 ஆண்டு கழித்து, ஒரு தபால்காரர் வேலைக்குத் தமிழைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது!

இதையெல்லாம் அறிந்த பிள்ளை, விண்ணப்பத்திலே தேர்வு மொழி கேட்கும் கட்டத்துக்கு வரும்போது சும்மா கடந்துபோகாது.

"பரீட்சைக்கு ஆள் தயாரிப்பதா கட்சியின் வேலை? குமாஸ்தாக்களை உண்டாக்கவா இயக்கம் கண்டோம்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கொஞ்சம் பின்னே திரும்பிப் பார்க்கட்டும். 1916-இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்கள் முதலிலே கேட்ட கேள்வியே, இந்த அலுவலக நாற்காலிகளிலே யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதுதான். 1929-இலே, மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையிலே பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. தாலுகா அலுவலகத்து நாற்காலியிலே யார் அமர்கிறார் என்பது, சாதிச் சான்றிதழுக்காக வாசலிலே நிற்கும் கிழவிக்கு எவ்வளவு பெரிய அரசியல் என்பதை நீயே கண்டிருப்பாய். குமாஸ்தா வேலையை இகழ்கிறவர், அநேகமாக அந்த வேலையில் மூன்று தலைமுறை இருந்துவிட்டவராகத்தான் இருப்பார்!

மன்றமும் படிப்பகமும் இல்லாத ஊரிலே நம் கொடி ஏறியதில்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவரும் சுற்றி அமர்ந்து கேட்பார். கேட்டதைக் குறித்து வாதம் நடக்கும். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்த எனக்கு, அரசியல் சட்டத்தின் பிரிவு எண்களை முதன்முதல் சொல்லிக்கொடுத்தவர் அப்படியொரு படிப்பகத்திலே ஏடு படித்த தையற்காரர்தான். இன்று பல ஊர்களிலே பெயர்ப்பலகை இருக்கிறது, பூட்டு இருக்கிறது, உள்ளே கேரம் பலகையும் சென்ற தேர்தலின் தோரணமும் இருக்கின்றன.

என்ன செய்யலாம் என்கிறாயா? பெருஞ்செலவு ஒன்றுமில்லை. சாவி யாரிடம் என்று முதலில் விசாரி. நம் ஏடு ஒன்று, நம்மை ஏசும் ஏடு ஒன்று, ஆங்கில ஏடு ஒன்று, மூன்றும் வரட்டும். ஏசும் ஏட்டை மறைக்காதே. அதிலேதான் நமக்கு வேண்டிய வினா இருக்கும். தமிழிலே அச்சான அரசியல் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கிவை. ஒரு பெரிய நோட்டுப் போடு: இடப்பக்கம் நடந்தது, தேதியோடு, வலப்பக்கம் ஏன் நடந்தது, முன்பு என்ன இருந்தது. மாறினால் அடித்துவிடாதே, அடியிலே எழுது. மாறிய வரலாறும் பாடம்தானே! ஊரிலே ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இருப்பார், தாசில்தார் ஒருவர் இருப்பார், ஆசிரியர் கட்டாயம் இருப்பார். வாரத்துக்கு ஒரு மாலை அழைத்து உட்காரவை. மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை வந்தாலும் நாற்காலி போடு. உறுப்பினர் சீட்டைக் கேட்காதே. பெண்கள் வருவதற்கேற்ற நேரம் வை; வாசலிலே நின்று புகைப்பவர்களை வேறிடம் பார்க்கச் சொல்.

வாசலிலே ஒரு கரும்பலகை மாட்டு. தலைவர் வருகையை எழுதும் அதே கையாலே, எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க எந்த நாள் கடைசி என்பதையும் எழுது; பேருந்துக்கு நிற்பவர் கண்ணிலே படும்படி, பெரிய எழுத்திலே.